ஸ்டேடியத்துக்கு உயிர் எங்கிருந்து வருகிறது?

2020 மே 16, சனிக்கிழமை. கொரோனாவால் இரண்டு மாதமாக நின்றுபோயிருந்த ஜெர்மன் கால்பந்து லீக் அன்று மறுபடி தொடங்கியது. டோர்ட்முண்ட் அணி, பக்கத்து ஊர்ப் பகையாளியான ஷால்கவை 4-0 என்று வென்றது. வேறு நாளாக இருந்தால் 80,000 பேர் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள். அன்று ஸ்டேடியத்தில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. பந்தை உதைக்கும் சத்தமும், பயிற்சியாளர்கள் கத்துவதும் டிவியில் தெளிவாகக் கேட்டன. ஆட்டம் முடிந்ததும் டோர்ட்முண்ட் வீரர்கள் வழக்கம்போலத் தெற்கு கேலரியின் முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். ஆளே இல்லாத அந்தப் படிகளைப் பார்த்துக் கொண்டாடிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

கால்பந்தில் ரசிகர் கூட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்வேன். கூட்டம் வெறுமனே ஆட்டத்தைப் பார்க்க வருவதில்லை, அதுவும் ஆட்டத்தில் ஒரு பாதி. அந்தப் பாதி எப்படி உருவாகிறது, சில ஸ்டேடியங்களில் மட்டும் ஏன் உடம்பு சிலிர்க்கிறது, சில இடங்களில் ஏன் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

மைதானத்தில் ஒருவர் ஓடிப்போய்ப் பந்தைத் தட்டிப் பறிக்கிறார். கேலரி உறுமுகிறது. அதைக் கேட்ட அடுத்த வீரர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுகிறார். கேலரி இன்னும் ஏறுகிறது. இப்படி மைதானத்துக்கும் கேலரிக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கும் சூடுதான் ஸ்டேடியத்தின் சூழல் என்று நாம் சொல்வது. இது கற்பனை இல்லை. காலி ஸ்டேடியங்களில் ஆட்டங்கள் நடந்த அந்த மாதங்களில் ஜெர்மன் லீக்கில் சொந்த ஊரில் ஆடும் அணியின் வெற்றிகள் குறைந்தன. வழக்கமாகச் சொந்த ஊர் அணிக்குக் கொஞ்சம் சாய்வாக இருக்கும் நடுவர்களின் தீர்ப்புகளிலும் அந்தச் சாய்வு குறைந்ததாக ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள்.

சரி, இந்தச் சூட்டை எப்படி மூட்டுவது? பெரும்பாலான நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது ஸ்பீக்கர், டிஜே, பெரிய திரையில் 'சத்தம் போடுங்கள்' என்ற எழுத்து, இருக்கையில் வைத்துவிட்டுப் போகும், தட்டினால் சத்தம் எழுப்பும் பிளாஸ்டிக் தட்டி. இவற்றால் ஐந்து நிமிடச் சத்தம் கிடைக்கும், அவ்வளவுதான். பாட ஆசைப்படுகிற ஆட்களை ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்த்து நிறுத்தி, விலையைக் கட்டுப்படியாக வைத்து, பிறகு அவர்கள் வழியில் குறுக்கிடாமல் இருப்பதுதான் பலன் தந்த வழி. கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நெருக்கம்

பழைய படத்தை மூன்றாவது வாரம் பெரும்பாலும் காலியான தியேட்டரில் பார்த்திருக்கிறீர்களா? ஆயிரம் பேர் உட்காரும் இடத்தில் நூறு பேர் மூலைக்கு மூலை சிதறி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு விசிலடிக்கத் தோன்றினாலும் கை வாய்க்குப் போகாது. அதே நூறு பேரைச் சின்ன ஹாலில் முதல் மூன்று வரிசையில் உட்கார வையுங்கள், கூரை அதிரும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

டோர்ட்முண்டின் தெற்கு கேலரி இதற்கு உச்சமான உதாரணம். அதை 'மஞ்சள் சுவர்' என்பார்கள். 81,000க்கும் மேற்பட்டோர் கொள்ளும் ஸ்டேடியத்தில் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 24,000க்கும் மேற்பட்டவர்கள் நின்றபடி பார்க்கிறார்கள். சுமார் 100 மீட்டர் அகலம், நடுவில் பிரிவு இல்லாத ஒரே சரிவு, மேலே போகப் போகச் செங்குத்தாகும் படிகள், மேலே கூரை. கூரையை மழைக்கு என்று மட்டும் நினைக்கக் கூடாது. திறந்த வானத்தின் கீழ் பாடினால் சத்தம் மேலே போய்விடும். கூரை அதைத் தடுத்து மைதானத்துக்குள் திருப்பி அனுப்புகிறது. 2019இல் லண்டனில் டாட்டன்ஹாம் புது ஸ்டேடியம் திறந்தபோது, 17,500 பேர் உட்காரும் ஒரே அடுக்குக் கேலரியை ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டினார்கள். மஞ்சள் சுவரைப் பார்த்து வந்த யோசனை அது.

இதற்கு நேர் எதிர்ப் பாடம் இத்தாலியின் டூரின் நகரத்தில் இருக்கிறது. 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஸ்டேடியத்தில்தான் யுவெண்டஸ் ஆடிக்கொண்டிருந்தது. சுமார் 69,000 இருக்கைகள், மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம், பல ஆட்டங்களில் பாதிக்கு மேல் காலி. நாட்டின் மிகப் புகழ்பெற்ற அணி ஆடும்போதே அந்த நிலைமை. கடைசியில் அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் சுமார் 41,000 பேருக்கு மட்டும் ஒரு ஸ்டேடியம் கட்டி 2011இல் திறந்தார்கள். தடம் இல்லை. முதல் வரிசை மைதானத்திலிருந்து சில மீட்டர்தான். இருக்கைகளைக் குறைத்த பிறகுதான் அங்கே உண்மையான இரைச்சல் வந்தது.

ஓட்டத் தடம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நேரு ஸ்டேடியம் நினைவுக்கு வந்திருக்கும். பெங்களூரு கண்டீரவாவும் அப்படித்தான். தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய இடங்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் ஒரு வயல் கிடக்கிறது. இடித்துக் கட்டுவது எல்லோராலும் முடியாது. ஆனால் வருகிற 8,000 பேரை நாலாபக்கமும் தூவி விடாமல், இரண்டு பக்கத்து பிளாக்குகளை நிரப்பிவிட்டு மற்றதை மூடி வைக்கலாமே. அதற்குப் பைசா செலவில்லை.

நிற்பதா, உட்காருவதா?

இதுதான் இந்த விஷயத்தின் மிகக் கனமான பகுதி. இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெரும்பாலான ரசிகர்கள் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். லிவர்பூலின் 'கோப்' என்ற கேலரியில் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் நிற்பார்கள். நல்ல இடம் பிடிக்க ஆட்டம் தொடங்க வெகுநேரம் முன்பே வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஸ்டேடியத்தில் அன்றைய ஹிட் பாட்டுகளைப் போடுவார்கள், கூட்டமும் கூடவே பாடும். 1963இல் அந்த ஊர் இசைக்குழு ஒன்று பாடி நாட்டிலேயே முதலிடம் பிடித்த ஒரு பாட்டு, பட்டியலிலிருந்து இறங்கிய பிறகும் கோப்பில் நிற்கவில்லை. இன்றுவரை ஆட்டத்துக்கு முன் அதைப் பாடுகிறார்கள். எந்த விளம்பரக் குழுவும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதல்ல அது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் கூடவும், போலீஸ் அதிகாரி உத்தரவில் ஒரு கேட்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்த, வேலி போட்டுப் பிரித்த நடுக் கூண்டுகளுக்குள் தள்ளப்பட்டார்கள். முன்னால் கம்பி வேலி. தப்பிக்க வழி இல்லை. 97 பேர் இறந்தார்கள். பல வருடங்கள் பழியை ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். 2016இல்தான் நீதி விசாரணையின் ஜூரி, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று சொன்னது. அந்தக் குடும்பங்கள் 27 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1990இல் வந்த நீதிபதி டெய்லரின் அறிக்கையைத் தொடர்ந்து, முதல் இரண்டு டிவிஷன்களில் எல்லோருக்கும் இருக்கை என்பது கட்டாயமானது. 1994 ஏப்ரல் 30 அன்று கோப்பில் கடைசியாக நின்று பார்த்தார்கள். பாதுகாப்பு கூடியது, அது பெரிய விஷயம். ஆனால் அதே நேரத்தில் டிக்கெட் விலை ஏறியது. நண்பர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்க முடியாமல், டிக்கெட்டில் போட்ட நம்பருக்குப் போய் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்துகொண்டு அடிவயிற்றிலிருந்து பாடிப் பாருங்கள், வராது. கோயில் தேர் இழுக்கிறவர்கள் யாராவது நாற்காலி போட்டுக்கொள்கிறார்களா?

இந்த முடிச்சுக்குக் கிடைத்த வழி எளிமையானது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரத்தில் உறுதியான கம்பித் தடுப்பு, அதோடு சேர்ந்த மடக்கு இருக்கை. ஒருவருக்கு ஓர் இடம்தான். பின்னாலிருந்து யாரும் அலையாகச் சாய்ந்து முன்னால் இருப்பவர்களை நசுக்க முடியாது. ஸ்காட்லாந்தில் செல்டிக் கிளப் 2016இல் இதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 2022 ஜனவரி 2 அன்று செல்சிக்கும் லிவர்பூலுக்கும் நடந்த ஆட்டத்தில், கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முறையாக ரசிகர்கள் முறைப்படி அனுமதியோடு நின்று பார்த்தார்கள். பாதுகாப்பும் ஆரவாரமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று முப்பது வருடம் நம்பியதற்கு அந்த ஒரு கம்பி பதில் சொன்னது.

யார் உள்ளே வருகிறார்கள்?

நீங்கள் எவ்வளவு நல்ல கேலரி கட்டினாலும், பாடுகிற வயதில் இருப்பவன் டிக்கெட் வாங்க முடியாவிட்டால் என்ன பயன்? பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள்தான் எந்த ஊரிலும் கூட்டத்தின் குரல். டோர்ட்முண்டில் நின்று பார்க்கும் சீசன் டிக்கெட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டால் ஓர் ஆட்டத்துக்கு 20 யூரோவுக்கும் கீழேதான் வரும். பல ஜெர்மன் கிளப்களின் மேட்ச் டிக்கெட்டே அன்றைய பஸ், ரயிலுக்கும் செல்லும். கிளப்களுக்குத் தர்ம சிந்தனை என்று இதை விளக்கிவிட முடியாது. ஜெர்மனியில் '50+1' என்றொரு விதி இருக்கிறது. வெளி முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், ஓட்டுகளில் பாதிக்கு மேல் கிளப்பின் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். சில கிளப்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பொதுவாக ரசிகருக்கும் கிளப்பில் சொல் உண்டு.

அந்தச் சொல்லை அவர்கள் பயன்படுத்தவும் செய்கிறார்கள். 2012 டிசம்பரில் புதிய பாதுகாப்பு விதிகளை எதிர்த்து, லீக் முழுக்க ரசிகர்கள் ஆட்டத்தின் முதல் 12 நிமிடம் 12 விநாடி வாயே திறக்கவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி அந்த விதிகள் மீது ஓட்டெடுப்பு, அதனால் அந்தக் கணக்கு. 2018இல் திங்கட்கிழமை இரவு ஆட்டம் வைத்ததற்காக மஞ்சள் சுவரே பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. வேலைக்குப் போகிறவன் திங்கள் ராத்திரி எப்படி வருவான் என்பது நியாயமான கேள்விதானே. சில வருடங்களில் திங்கட்கிழமை ஆட்டங்களையே முதல் டிவிஷனிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்திலும் ஒரு நாள் இப்படி நடந்தது. லிவர்பூல் 77 பவுண்டில் டிக்கெட் போடப்போவதாக அறிவித்ததும், 2016 பிப்ரவரியில் சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் கிளப் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றது.

பாட்டை யார் எடுத்துக் கொடுப்பது?

கடலில் வலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டு எடுப்பார், மற்றவர்கள் ஐலசா போடுவார்கள். கால்பந்து கேலரியிலும் அதே வேலைதான். இத்தாலியச் சொல்லில் அவருக்குக் 'காப்போ' என்று பெயர். சின்ன மேடையிலோ தடுப்பின் மேலோ ஏறி, கையில் மெகாஃபோனோடு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அணி போட்ட கோலைக்கூட அவர் நேரில் பார்க்காமல் போகலாம். நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர். கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே எப்போது பாட்டை ஏற்றுவது, எப்போது இறக்கி மூச்சு விட வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கூடவே ஒரு மேளம். மேளம் இல்லாவிட்டால் நூறு பேர் ஒரு தாளத்திலும் அடுத்த நூறு பேர் வேறு தாளத்திலும் போய்விடுவார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து ரசிகர்கள் தலைக்கு மேலே கையை உயர்த்தி, 'ஹூ' என்று ஒரு தட்டு, நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு, பிறகு மெல்ல மெல்ல வேகம் கூட்டித் தட்டினார்கள். சுமார் மூன்றேகால் லட்சம் பேரே உள்ள நாடு அது. உலகமே அதைத் திருப்பி அடித்தது, நம்மூர் ஸ்டேடியங்களிலும் அடித்தார்கள். ஏன் பரவியது? வார்த்தை இல்லை, மொழி தெரிய வேண்டாம், ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்த நிறுத்தத்தில் ஸ்டேடியம் முழுக்க மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். அதுதான் அதன் உயிர்.

ஆகவே சத்தம் வேறு, ஆரவாரம் வேறு. 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் ரசிகர்கள் ஊதிய வுவுசேலா என்ற நீளமான பிளாஸ்டிக் ஊதல் நினைவிருக்கும். அந்த மண்ணின் கொண்டாட்டம் அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொண்ணூறு நிமிடமும் ஒரே சுருதியில் அது ஒலித்ததால் பாட்டு எதுவும் எழ முடியவில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு அந்த ஆண்டே தன் போட்டிகளில் அதைத் தடை செய்தது. கோல் விழுந்ததும் ஸ்பீக்கரில் அலறும் பாட்டும் எனக்கு அப்படித்தான். ஆயிரம் பேருக்குள்ளிருந்து தானாகப் பீறிடும் சத்தத்தை அது வந்து மூடிவிடுகிறது. அந்த ஒரு நிமிடமாவது ஸ்பீக்கரை அணைத்து வையுங்கள் என்று எந்த நிர்வாகியைப் பார்த்தாலும் கெஞ்சத் தயார்.

ஊரோடு ஒட்டியது

பண்பாடு என்ற சொல்லை இந்த இடத்தில்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். தொண்ணூறு நிமிடத்துக்கு வெளியே நடப்பவைதான் அது. கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணி ஜெயித்தால் அதன் ரசிகர் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் அணி ஜெயித்தால் அதன் ரசிகர் வீட்டில் இறால். பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், மேற்கு வங்கத்திலேயே இருந்தவர்கள் என்ற இரண்டு வாழ்க்கைகள் அந்த இரண்டு சட்டியிலும் வேகின்றன. 1997இல் அந்த ஊரின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இவ்விரு அணிகளும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்குச் சுமார் 1,31,000 பேர் வந்தார்கள். இதை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது.

அப்படியானால் பழைய கிளப்புக்கு மட்டும்தான் வாய்க்குமா? அமெரிக்காவின் போர்ட்லண்டைப் பாருங்கள். அது மரம் வெட்டும் தொழிலால் வளர்ந்த ஊர், அணியின் பெயரே டிம்பர்ஸ். சொந்த அணி கோல் போட்டால், கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் ரம்பத்தை எடுத்துப் பெரிய மரத் துண்டிலிருந்து ஒரு வில்லை அறுப்பார். ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவர் அந்த வில்லையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். தன் ஊரின் தொழிலிலிருந்து எடுத்ததால் அது நாடகமாகத் தெரிவதில்லை.

கேலரி முழுவதையும் மூடும் துணி ஓவியங்களும் இந்த வகைதான். அவற்றை 'டிஃபோ' என்பார்கள். இத்தாலியில் ரசிகரைக் குறிக்கும் சொல், டைஃபஸ் காய்ச்சலின் பெயரிலிருந்து வந்ததாம். காய்ச்சல் கண்டவர்கள்தான் ராத்திரி ராத்திரியாக முழங்காலிட்டு வண்ணம் அடிக்க முடியும்! ரசிகர்களே காசு சேர்த்து, இரகசியமாக வரைந்து, ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் மட்டும் விரித்துவிட்டு மடித்து வைப்பார்கள். கிளப்பின் வேலை, அவர்களுக்குத் தைக்க ஒரு இடமும் முந்தைய நாள் கேட் சாவியும் கொடுப்பது. அதில் விளம்பரதாரரின் பெயரைச் சேர்க்கச் சொன்னால் முடிந்தது கதை.

இந்தக் காய்ச்சலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் கார்டனில் மேலே சொன்ன அதே இரு கொல்கத்தா அணிகளின் ரசிகர்களுக்குள் மூண்ட கலவரத்தில் 16 பேர் இறந்தார்கள். அர்ஜென்டினாவில் ரசிகர் கும்பல்களின் வன்முறையால் 2013இல் லீக் ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்களே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். பதில் பாட்டு பாட எதிராளி இல்லாத கேலரி பாதிக் கேலரிதான். எல்லை எது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஹாம்பர்கின் சான்க்ட் பவுலி கிளப் 1991இலேயே இனவெறிக் கோஷங்களைத் தன் ஸ்டேடிய விதிகளில் தடை செய்தது. அதற்கு அழுத்தம் கொடுத்தவர்கள் அதன் ரசிகர்கள்.

பெண்கள் வந்தால் சத்தம் குறையும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். 2011 செப்டம்பரில் இஸ்தான்புல்லில், முந்தைய கலவரத்துக்குத் தண்டனையாக ஃபெனர்பாச்சே என்ற கிளப்பின் ஆட்டத்துக்குப் பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் மட்டும் அனுமதித்தார்கள். 41,000க்கும் மேற்பட்டோர் வந்து, பாட்டெல்லாம் மனப்பாடமாகப் பாடினார்கள். எதிரணி இறங்கும்போது வழக்கமான கூச்சலுக்குப் பதில் கைதட்டினார்கள். உள்ளே வர வழியும், ஒழுங்கான கழிப்பறையும், பக்கத்தில் நிற்பவன் கையை அடக்கி வைப்பான் என்ற நம்பிக்கையும் இருந்தால் அவர்கள் வரத்தான் செய்வார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா சீன தைபேயை, அதாவது தைவான் அணியை, 5-0 என்று வென்றது. இந்திய கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோவில், எங்களைத் திட்டவாவது ஸ்டேடியத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூன் 4இல் கென்யாவுடனான ஆட்டம், அவருடைய நூறாவது, டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. ஒரு வேண்டுகோளால் ஒரு நாள் ஸ்டேடியம் நிரம்பும். அடுத்த மாதமும் அதே ஆள் வர வேண்டுமானால், அவனுக்கு அங்கே ஓர் இடமும், பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேரும் இருக்க வேண்டும். கேரளாவின் மஞ்ஞப்படையும், பெங்களூருவின் வெஸ்ட் பிளாக் ப்ளூஸும், சென்னையின் சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் என்று ரசிகர்களே சேர்ந்த குழுக்கள் அந்த இடத்தைத்தான் உண்டாக்கின.

நீங்களும் தொடங்கலாம். முப்பது பேர் போதும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரே பிளாக்கில் டிக்கெட் எடுங்கள். ஒரு மேளம், நாலு வரி தாண்டாத மூன்று பாட்டு, முன்னால் நிற்கக் கூச்சப்படாத ஒருவர். முதல் பாதியில் பலர் திரும்பிப் பார்ப்பார்கள், பாடுவதை நிறுத்தாதீர்கள். அணி கோல் வாங்கியதும் இன்னும் சத்தமாகப் பாடுங்கள், வீரர்கள் அதைக் கவனிப்பார்கள். இரண்டாம் பாதியில் பக்கத்து பிளாக்கில் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் உங்கள் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பிப்பான். வெளியே போகும்போது அவன் அப்பாவிடம் உங்கள் பிளாக் நம்பரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.